உப்பும் தராசும்: தனிம வரிசை அட்டவணை பிறந்த வரலாறு



பத்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், தேர்வுக் காலத்தில் ஓர் ஓசை தவறாமல் கேட்கும். “ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம்...” என்று தனிமங்களின் பெயர்களை அவர்கள் உருப்போடும் ஓசையே அது. சுவரில் தொங்கும் அட்டவணையில் 118 கட்டங்கள். கட்டந்தோறும் ஓர் எழுத்துக் குறியீடு, ஓர் எண். பிள்ளைக்கு அது பெரும் சுமை. பெற்றோருக்கோ அது புரியாத ஒரு படம். யார் இக்கட்டங்களை வரைந்தார்கள், ஏன் இந்த வரிசை என்னும் கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. தேர்வு முடிந்ததும் பாடமும் மறந்துபோகிறது.

இம்மாதம் அந்த அட்டவணையின் வரலாற்றைக் காண்போம். அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. படூரிலிருந்து தெற்கே கேளம்பாக்கம் சென்று, அங்கிருந்து கிழக்கே கோவளத்தை நோக்கித் திரும்பினால் உப்பங்கழி தென்படும். கோவளத்தில் ஹஸ்ரத் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் தர்காவுக்குச் செல்வோர் பலர் கண்ட வழிதான் அது. அக்கழியின் நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவைத்து, தலைமுறை தலைமுறையாக உப்பு விளைவித்தார்கள். அந்த ஒரு பிடி உப்பையே நம் பாடநூலாகக் கொள்வோம்.

குறியீட்டில் ஒளிந்திருக்கும் அரபுச் சொல்

சமையல் உப்பு சோடியம், குளோரின் என்னும் இரு தனிமங்களின் சேர்க்கை. தனித்த சோடியம் நீர் பட்டால் தீப்பற்றும் உலோகம். தனித்த குளோரின் நுரையீரலை அரிக்கும் நச்சுக் காற்று. இவ்விரண்டும் கூடும்போது நம் உணவுக்கு இன்றியமையாத உப்பாகின்றது. படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி வியக்க இஃதொன்றே போதும்.

அட்டவணையில் சோடியத்தின் குறியீடு ‘என்.ஏ.’, பொட்டாசியத்தின் குறியீடு ‘கே’. பெயரில் இல்லாத எழுத்து குறியீட்டில் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. முன்னது ‘நேட்ரியம்’ என்னும் இலத்தீன் பெயரின் சுருக்கம். அரபியில் ‘நத்ரூன்’ என வழங்கிய உவர்க்காரத்தின் பெயரோடு தொடர்புடையது. பின்னது ‘கேலியம்’ என்பதன் சுருக்கம். செடிகளை எரித்த சாம்பலிலிருந்து பெறும் காரத்தை அரபியர் ‘அல்கலீ’ என்றனர். ‘ஆல்கலி’ என்று இன்று உலகம் முழுவதும் வழங்கும் சொல்லும் அதுவே.

இச்சொற்கள் தற்செயலாக ஒட்டிக்கொண்டவை அல்ல. அவற்றின் பின்னே பெரும் உழைப்பு இருந்தது. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரில் வழங்கும் நூல்கள், காய்ச்சி வடித்தல், பதங்கமாக்கல் போன்ற செய்முறைகளை விரிவாகப் பேசுகின்றன. அவை அனைத்தும் ஒருவரே எழுதியவையல்ல, பல தலைமுறையினரின் ஆக்கங்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ரய் நகரின் மருத்துவ மேதை அர்ராஸீ (865–925) தமது ‘கிதாபுல் அஸ்ரார்’ என்னும் நூலில் பொருள்களைத் தாவரம், விலங்கு, கனிமம் எனப் பிரித்தார். பின்பு கனிமங்களை ஆவியாகுபவை, உலோகங்கள், கற்கள், துத்த வகைகள், வெண்கார வகைகள், உப்புகள் என ஆறாக வகுத்தார். பாதரசம், கந்தகம், நவச்சாரம் எனச் சித்த மருத்துவர்கள் கையாளும் சரக்குகளே இவ்வகைப்பாட்டிலும் இடம்பெறுகின்றன. நம் நாட்டுக்கு வந்து இதன் வரலாற்றை எழுதிய அல்பீரூனீ, உலோகங்களையும் மணிக்கற்களையும் நீரில் இட்டு நிறுத்து, அவற்றின் ஒப்படர்த்தியை நுட்பமாகக் கணித்தார். அக்கணிப்புகளைப் போற்றிக் காத்த அல்காஸினீ, 1121இல் இயற்றிய தம் நூலுக்கு ‘மீஸானுல் ஹிக்மா’, அதாவது ‘ஞானத்தராசு’ என்றே பெயர் சூட்டினார்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தனிமம் என்று இன்று நாம் சொல்லும் பொருளை அவர்கள் அறிந்திருக்கவில்லை. தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கலாம் என்று நம்பியவர்கள் அவர்களுள் பலர். அது இயலாது, சாயம் பூசிய போலிதான் கிடைக்கும் என்று மறுத்த இப்னு ஸீனாவும் அவர்களுள் ஒருவரே. அவர்கள் விட்டுச்சென்ற செல்வம் முடிவுகளைவிட முறைதான்: வகைப்படுத்து, காய்ச்சிப் பார், நிறுத்துப் பார். அட்டவணையின் வரலாறு முழுவதும் இம்மூன்றின் வரலாறே.

நிறுக்கத் தொடங்கிய ஐரோப்பா

பிரான்சின் லவாய்சியர் தராசையே தம் ஆய்வுக்கு நடுவராக்கினார். மேலும் பிரிக்க இயலாத பொருளே தனிமம் என்று வரையறுத்து, 1789இல் 33 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். அதில் ஒளியும் வெப்பமும்கூட இடம்பெற்றிருந்தன! சோடியமும் பொட்டாசியமும் அப்பட்டியலில் இல்லை. 1807இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, உருக்கிய காரங்களில் மின்சாரத்தைச் செலுத்தி இவ்விரு உலோகங்களையும் பிரித்தெடுத்தார்.

அடுத்த செய்தி உப்பளத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. பாத்தியில் உப்பு விளைந்து, அதை வாரியெடுத்த பின் கசப்பு நீர் சிறிது எஞ்சும். வீணென்று விடப்படும் நீர் அது. தென் பிரான்சில் மோன்பெல்லியே நகரில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பலார் என்னும் இளைஞர் அத்தகைய கசப்பு நீரை ஆராய்ந்தார். அதில் குளோரின் காற்றைச் செலுத்தியபோது செந்நிறத் திரவம் ஒன்று வெளிப்பட்டது. 1826இல் அவர் அதைப் புதிய தனிமம் என்று அறிவித்தார். அதுவே புரோமின்.

ஜெர்மனியின் பெரும் வேதியியலார் லீபிக்கிடம் அதே திரவம் முன்பே வந்திருந்தது. ஓர் உப்பு ஊற்றின் நீரிலிருந்து கிடைத்த அதை அவர் அவசரமாகப் பார்த்து, குளோரினும் அயோடினும் சேர்ந்த பொருள் என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார். பலாரின் அறிவிப்பைப் படித்த பின்னரே தாம் இழந்தது என்னவென்று அவருக்குத் தெரிந்தது. அந்தப் புட்டியைத் தமக்கு ஓர் எச்சரிக்கையாக அவர் பாதுகாத்து வைத்திருந்தார் என்பர். தெரியாத ஒன்றின் மீது தெரிந்த பெயரை ஒட்டிவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது.

இப்போது கையில் மூன்று உப்பீனிகள்: குளோரின், புரோமின், அயோடின். 1829இல் டோபரைனர் என்னும் ஜெர்மானியர் இவற்றின் அணு எடைகளைப் பார்த்தார். இன்றைய கணக்கில் குளோரின் 35.5, அயோடின் 127. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏறத்தாழ 81. புரோமினின் எடை 80! லித்தியம் 7, பொட்டாசியம் 39. இவற்றின் சராசரி 23. சோடியத்தின் எடையும் 23! மூன்று மூன்றாக உறவு கொண்டாடும் இக்குடும்பங்களை ‘மும்மை’ என்றனர். படைப்பில் ஓர் ஒழுங்கு மறைந்திருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் தெளிவான தடயம் அது.

ஆயினும் அணு எடைகளைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு நிலவியது. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலார் ஒன்றுகூடியபோது, இத்தாலியின் கன்னிசாரோ அக்கணக்குகளைச் சீராக்கும் வழியை விளக்கினார். 1865இல் இங்கிலாந்தின் நியூலண்ட்ஸ், எடை வரிசையில் எட்டாவது தனிமம் முதலாவதைப் போல் இருப்பதைக் கண்டு, அதை இசையின் சுரங்களுக்கு ஒப்பிட்டார். அறிஞர் அவையில் ஒருவர், “அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா?” என்று எள்ளினார். உண்மையின் ஒரு பகுதி அவர் கையில் இருந்தது. ஆனால் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட வேண்டும் என்ற வேகத்தில், பொருந்தாதவற்றையும் அவர் ஒரே வரிசையில் திணித்திருந்தார்.

ஒரு தாயின் பயணம்

கார்ல்ஸ்ரூ கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் ரஷ்யாவின் திமித்ரி மெண்டலீவ். அவருடைய தாயைப் பற்றி நம் இல்லத்துப் பெண்கள் அறிந்துகொள்ள வேண்டும். சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரில், கண்பார்வை இழந்த கணவரையும் பல பிள்ளைகளையும் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை நடத்திக் காத்தவர் மரியா. 1847இல் கணவர் இறந்தார். 1848இல் தொழிற்சாலை எரிந்து சாம்பலாயிற்று. அந்நிலையிலும் கடைக்குட்டி திமித்ரியின் படிப்பை நிறுத்த அவருக்கு மனமில்லை. ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்து மகனை மாஸ்கோவுக்கு அழைத்துச் சென்றார், இடம் கிடைக்கவில்லை. அங்கிருந்து பீட்டர்ஸ்பர்க் சென்றார். 1850இல் மகனை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர்த்தார். அதே ஆண்டில் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார். பல்லாண்டுகளுக்குப் பின் மெண்டலீவ் தம் நூல் ஒன்றைத் தாயின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்.

அம்மகன் 1869இல், அன்று அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை எடை வரிசையிலும் குண ஒற்றுமையிலும் அடுக்கினார். சோடியம் தன் கார உலோகக் குடும்பத்திலும், குளோரின் தன் உப்பீனிக் குடும்பத்திலும் அமர்ந்தன. பொருந்தாத இடம் வந்தபோது அவர் திணிக்கவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டார். “இங்கே ஒன்று இருக்க வேண்டும், நாம் இன்னும் அதைக் காணவில்லை” என்பதே அவ்வெற்றிடத்தின் பொருள். அதற்கும் மேலாக, 1871இல் அந்தக் காணாத பொருள்களின் எடையையும் அடர்த்தியையும் கணித்து எழுதினார். அவற்றுக்குத் தற்காலிகப் பெயர் சூட்ட அவர் எடுத்துக்கொண்டது ஒரு வடமொழிச் சொல்: ‘ஏக அலுமினியம்’, ‘ஏக போரான்’, ‘ஏக சிலிக்கான்’. ‘ஏக இறைவன்’ என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே, அதே ‘ஏக’!

1875இல் பிரான்சில் காலியம் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவே ஏக அலுமினியம். கண்டுபிடித்தவர் அதன் அடர்த்தி 4.7 என்றார். அப்பொருளைக் கண்ணால் காணாத மெண்டலீவோ, அது 5.9 அளவில் இருக்க வேண்டும், தூய்மைப்படுத்தி மீண்டும் அளந்து பாருங்கள் என்று எழுதினார். அவ்வாறே அளந்தபோது 5.9 வந்தது. 1879இல் ஸ்காண்டியமும் 1886இல் ஜெர்மானியமும் கிடைத்து, மற்ற இரு வெற்றிடங்களும் நிறைந்தன. எள்ளியோர் வாயடைத்துப் போயினர்.

நம் மண்ணில் தோன்றிய மஞ்சள் கோடு

அடுப்புச் சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சுடர் மஞ்சளாகும். அது சோடியத்தின் அடையாளம். அவ்வொளியை முப்பட்டகக் கருவியில் பிரித்தால் மஞ்சள் பகுதியில் இரு கோடுகள் தெரியும். 1868 ஆகஸ்டு 18 அன்று, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாக முழுச் சூரிய கிரகணம் கடந்து சென்றது. குண்டூரில் பிரான்சின் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் காத்திருந்தனர். சூரிய விளிம்பின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தோன்றியது. அது சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தது. ஆனால் சரியாக அதே இடத்தில் இல்லை. பின்னர் இங்கிலாந்தின் லாக்கியர் அதை ஆராய்ந்து, பூமியில் காணப்படாத ஒரு தனிமம் என்று கருதி ஹீலியம் எனப் பெயரிட்டார். 1895இல் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து ஹீலியத்தைப் பெற்றார். ஆர்கான், நியான் முதலியவற்றோடு அது மந்த வாயுக்களின் குடும்பமாயிற்று. மெண்டலீவ் எண்ணியும் பாராத ஒரு புதிய நிரல் அட்டவணையில் சேர்ந்தது. அட்டவணை குலையவில்லை, விரிந்தது.

ஒரு முரண் மட்டும் எஞ்சியது. டெலூரியத்தைவிட அயோடின் எடை குறைந்தது. குணப்படியோ பின்னால்தான் வர வேண்டும். எடையை மீறி மெண்டலீவ் அதைப் பின்னால் வைத்தார். அது சரியே என்பதற்கான காரணத்தை 1913இல் மோஸ்லே என்னும் இளைஞர் எக்ஸ் கதிர்களால் விளக்கினார். வரிசையைத் தீர்மானிப்பது எடையன்று, அணுக்கருவின் மின்னேற்றமே. அதுவே அணு எண். இன்னும் காணப்படாதவை எவை என்பதையும் இனி எண்ணிச் சொல்ல முடிந்தது. முதல் உலகப் போரில் ஆங்கிலேயப் படையில் சேர்ந்த மோஸ்லே, துருக்கியின் உஸ்மானியப் படையுடன் கல்லிப்போலியில் நடந்த சண்டையில் 1915 ஆகஸ்டு 10 அன்று மாண்டார். வயது 27. கலீஃபாவின் படைக்காகப் பலர் உருகித் துஆச் செய்த போர் அது. எத்தரப்பில் வீழ்ந்தாலும், போர் விழுங்கும் இளமை மனித குலம் முழுவதற்கும் இழப்பே.

சோடியத்தின் குடும்பத்தில் கடைசிக் கட்டம், 87ஆம் எண், நெடுநாள் வெறுமையாக இருந்தது. அதை நிரப்பியவர் ஒரு பெண். பிரான்சின் மார்கரீத் பெரே, தந்தையை இளமையில் இழந்தவர். மருத்துவம் படிக்க விரும்பியும் வசதியற்றவர். தொழில்நுட்பப் பட்டயம் மட்டும் பெற்று, 1929இல் மேரி கியூரியின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1939இல் பிரான்சியத்தைக் கண்டறிந்தார். பிரான்சின் அறிவியல் கழகம் 1962இல் அவரைத் தெரிவு செய்தது. அக்கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவரே.

கல்பாக்கம் வரை

மாமல்லபுரத்தைக் கடந்து தெற்கே சென்றால் கல்பாக்கம். அங்குள்ள அதிவேக ஈனுலைச் சோதனை அணு உலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அதன் வெப்பத்தை ஏந்திச் செல்வது எது தெரியுமா? உருகிய சோடியம்! 98 பாகையில் உருகி, 880 பாகைக்கு மேல்தான் கொதிக்கும் என்பதால் அது அப்பணிக்கு ஏற்றது. அவ்வுலையின் எரிபொருளில் உள்ள புளூட்டோனியமோ 94ஆம் தனிமம். 1940-41ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் செயற்கையாக உண்டாக்கப்பட்டது. இத்தகைய தனிமங்களுக்காகவே சீபோர்க் அட்டவணையின் அடியில் தனி வரிசை அமைத்தார். 2016இல் நான்கு புதிய பெயர்கள் ஏற்கப்பட்டு 118ஆம் கட்டம் வரை நிறைந்தது. நம் கழியில் விளைந்த உப்பிலும், சற்றுத் தொலைவில் உள்ள உலையிலும் இருப்பது ஒரே சோடியம்தான். முன்னது எளியோரின் உழைப்பு, பின்னது கற்றோரின் உழைப்பு. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு கல்வி ஒன்றே.

சிந்திக்க ஒரு சொல்

திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்துக்கு ‘அல்ஹதீத்’ (இரும்பு) என்று பெயர். இரும்பின் அணு எண் 26. ‘ஹதீத்’ என்னும் சொல்லின் அரபு எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினாலும் 26 வருகிறது என்னும் செய்தியைக் கைப்பேசிகளில் பலர் பகிர்கின்றனர். அதைக் கண்டு மகிழ்வோரை நாம் குறைகூறவில்லை. ஆனால் நம் ஈமான் இத்தகைய கூட்டல் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அணு எண் என்பதையே 1913க்கு முன் யாரும் அறியார். அதற்கு முன்னர் வாழ்ந்த நம் முன்னோரின் ஈமான் குறைவுற்றதா என்ன? திருமறை நம்மைச் சிந்திக்கச் சொல்கிறது. சிந்தித்த அர்ராஸீ உலையைப் பற்றவைத்தார்; அல்பீரூனீ தராசைத் தூக்கினார். பிறர் கண்டுபிடித்த பின் “இது எங்களிடம் முன்பே இருந்தது” என்று சொல்வது, லீபிக் புட்டியில் ஒட்டிய சீட்டைப் போன்றது. அது தேடலை நிறுத்திவிடும்.

தேடுவோருக்கு இடம் உண்டு என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று. ஜோர்டானின் அம்மான் நகரில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்த உமர் யாகீ, 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை மற்றிருவருடன் பகிர்ந்துகொண்டார். அட்டவணையின் உலோகங்களைக் கரிமப் பொருள்களோடு இணைத்து, நுண்துளைகள் நிறைந்த கட்டமைப்புகளை அவர் உருவாக்கினார். அவற்றைக் கொண்டு பாலைவனக் காற்றிலிருந்தும் நீரைப் பிரித்தெடுக்க முடிகிறது. 118 கட்டங்கள் நிறைந்தபின்னும் கண்டறிய வேண்டியவை தீரவில்லை.

பெற்றோரே! உங்கள் பிள்ளை அட்டவணையை உருப்போடும்போது அருகில் அமருங்கள். நீங்கள் படிக்காதவராக இருந்தாலும் தயங்க வேண்டாம். ஒரு பிடி உப்பைக் கையில் எடுத்து, “இதில் உள்ளவை எந்தக் கட்டங்களில் இருக்கின்றன? அவற்றின் மேலும் கீழும் இருக்கும் உறவினர் யார்?” என்று கேளுங்கள். விடை தெரியவில்லை என்றால், “தெரியவில்லை, ஆசிரியரிடம் கேட்போம்” என்று சொல்லப் பழக்குங்கள். மெண்டலீவ் விட்ட வெற்றிடமும் அத்தகைய ஒப்புதலே. பத்தாம் வகுப்பு முடித்த மகள் அறிவியல் பிரிவில் சேர விரும்பினால், “பெண்ணுக்கு எதற்கு?” என்று தடுக்குமுன் மரியாவின் பயணத்தையும் மார்கரீத்தின் பட்டயத்தையும் ஒருகணம் நினைத்துப் பாருங்கள்.

நம் முன்னோரின் பெயர்கள் குறியீடுகளிலும் சொற்களிலும் நிலைத்திருக்கின்றன. நம் பிள்ளைகளின் பெயர்கள் எங்கே எழுதப்படும் என்பது இன்றிரவு நம் வீட்டு விளக்கின் கீழ் நடக்கும் படிப்பைப் பொறுத்தது. வல்ல அல்லாஹ் அவர்களுக்குப் பயன்தரும் கல்வியை அருள்வானாக! ஆமீன்.